வேலை நேரத்தைக் குறைத்தால் கட்டுப்படியாகுமா? மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காலை ஏழரை மணிக்கு, மலேசியாவின் பெருநிலத்தையும் பினாங்குத் தீவையும் இணைக்கும் பினாங்குப் பாலத்தில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில், வாரத்தில் நான்கு நாள் வேலை செய்தால் போதாதா என்ற கேள்வி பலருடைய மனத்தில் எழுவது வழக்கம். பிறையிலிருந்தும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போய் வருகிறவர்களிடம் இதைப் பற்றிப் பேசினால், பெரும்பாலும் இரண்டு பதில்களே கிடைக்கும். ஐந்தில் ஒரு பங்கு சம்பளம் போய்விட்டால் குடும்பம் எப்படி நடக்கும் என்று சிலர் கணக்கே போடாமல் தள்ளிவிடுகிறார்கள். டோல் மிச்சம், பெட்ரோல் மிச்சம், வரியும் குறையும், ஆக எல்லாம் ஏறக்குறையச் சரியாகிவிடும் என்று வேறு சிலர் தங்களைத் தாங்களே சமாதானப்படுத்திக்கொள்கிறார்கள்.

இரண்டும் தவறு என்பதே என் கருத்து. கைக்கு வரும் பணத்தில் ஏற்படும் இழப்பு முதல் கூட்டத்தார் அஞ்சுவதைவிடச் சிறியது. சம்பளச் சீட்டில் தெரியாமல் ஏற்படும் இழப்பு இரண்டாம் கூட்டத்தார் நினைப்பதைவிடப் பெரியது. இவ்விரண்டையும் கூட்டி, நாம் திரும்பப் பெறும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உண்மையில் எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்று ஓர் எண்ணாக மாற்றிய பிறகுதான் முடிவு எடுக்க வேண்டும். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் முறையைக் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். விகிதங்கள் 2025ஆம் ஆண்டு நிலவரப்படி தரப்பட்டுள்ளன. உங்கள் சம்பளச் சீட்டையும் வேலை ஒப்பந்தத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

முதல் படி: எந்த மணி நேரத்தைக் குறைக்கப் போகிறீர்கள்?

எல்லா மணி நேரமும் ஒரே விலை உடையது அன்று. அடிப்படைச் சம்பளத்தோடு மிகைநேர வேலையும், அதாவது ஓ.டி.யும் செய்கிறவர்கள், முதலில் குறைக்க வேண்டியது எது என்பதை இங்கேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை எடுத்துக்கொண்டால், அதை 26 நாளால் வகுத்து, பிறகு 8 மணி நேரத்தால் வகுக்கும்போது மணிக்கு 8 ரிங்கிட் 17 சென் வருகிறது. வேலை நாளில் செய்யும் மிகைநேரத்துக்கு இதில் ஒன்றரை மடங்கு, ஏறத்தாழ 12 ரிங்கிட் 26 சென் கொடுக்க வேண்டும். ஆகவே ஓ.டி.யை விடுவது மணிக்கு மணி பார்த்தால் அதிக இழப்பாகத் தெரியும்.

ஆனால் மிகைநேரச் சம்பளத்துக்கு இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிச் சந்தா பிடிக்கப்படுவதில்லை, முதலாளியும் அதற்குப் பங்கு செலுத்துவதில்லை. எனவே ஓ.டி.யைக் குறைத்தால் உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பில் ஒரு சென் கூடக் குறையாது. அடிப்படை நேரத்தைக் குறைத்தால் அது உடனே குறையத் தொடங்கும். மாதக் கடைசியில் ஓ.டி. பணத்தை நம்பியே கார்க் கடன் கட்டும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு என்பதால் இதை எளிதில் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் உடல் தாங்காமல்தான் நேரத்தைக் குறைக்க நினைக்கிறீர்கள் என்றால், அடிப்படை நேரத்தில் கை வைப்பதற்கு முன் ஓ.டி.யைப் பாதியாக்கி மூன்று மாதம் பார்ப்பதே முறை.

இன்னொன்றையும் இந்தப் படியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். உங்களை வாட்டுவது வேலையா, பயணமா? பயணம்தான் என்றால், வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி கேட்பது, ஒரு நாள் சம்பளத்தை விட்டுக்கொடுப்பதைவிடப் பல மடங்கு மலிவான தீர்வு. அது கிடைக்காது என்று தெரிந்த பிறகு அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: சட்டம் எங்கே கோடு போடுகிறது?

பகுதிநேர ஊழியர் என்பவர் யார் என்பதை 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அதே நிறுவனத்தில் அதே வகை வேலையைச் செய்யும் முழுநேர ஊழியரின் வழக்கமான நேரத்தில், 30 விழுக்காட்டுக்கு மேலும் 70 விழுக்காட்டுக்கு மிகாமலும் வேலை செய்கிறவரே பகுதிநேர ஊழியர். முழுநேரம் வாரத்துக்கு 40 மணி என்றால், 28 மணி நேரமும் அதற்குக் கீழும் பகுதிநேரம். 32 மணி நேரம், அதாவது நான்கு நாள் வேலை, இந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறது.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், பகுதிநேர ஊழியர்களுக்கான 2010ஆம் ஆண்டு விதிமுறைகள் சலுகைகளைக் குறைத்தே வைத்திருக்கின்றன. முழுநேர ஊழியருக்கு ஆண்டுக்கு 11 பொது விடுமுறை என்றால் பகுதிநேர ஊழியருக்கு 7. இரண்டு ஆண்டுக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டு விடுப்பு 8 நாள் என்பது 6 நாளாகவும், மருத்துவ விடுப்பு 14 நாள் என்பது 10 நாளாகவும் குறைகின்றன. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட சேவைக்கு ஆண்டு விடுப்பு 16 நாளிலிருந்து 11 நாளாகவும், மருத்துவ விடுப்பு 22 நாளிலிருந்து 15 நாளாகவும் இறங்குகின்றன. ஆக மூன்றரை நாளுக்கும் நான்கு நாளுக்கும் இடையில் இருப்பது அரை நாள் சம்பளம் மட்டுமன்று. அந்த அரை நாளில் ஒரு விடுமுறைத் தொகுப்பே கைமாறிவிடுகிறது. வாரத்துக்கு 28 மணி நேரம் என்று திட்டமிடுகிறவர்கள், 29 அல்லது 30 மணி நேரமாக அதை ஏற்றிக்கொள்ள முடியுமா என்று பார்ப்பது நல்லது.

எந்த நாளை விடுமுறையாகக் கேட்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஞாயிற்றுக்கிழமையில் விழும் பொது விடுமுறை திங்கட்கிழமைக்கு மாறும். திங்கட்கிழமையை உங்கள் விடுமுறை நாளாக எழுதி வாங்கிக்கொண்டால், அந்த மாற்று விடுமுறைகள் உங்களுக்குப் பயனில்லாமல் போகலாம். நீண்ட வார இறுதி கிடைக்கும் என்ற ஆசையில் திங்கட்கிழமையைக் கேட்கிறவர்களே அதிகம். புதன்கிழமையைக் கேட்கிறவருக்கு ஆண்டு முடிவில் கூடுதலாகச் சில நாட்கள் கிடைத்திருக்கும்.

மூன்றாம் படி: கைக்கு வரும் சம்பளம் உண்மையில் எவ்வளவு குறையும்?

இங்கே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு முழுவதுமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டர்வொர்த்தில் குடியிருந்து பாயான் லெப்பாஸில் அலுவலக வேலை பார்க்கும் நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர். மாதச் சம்பளம் 5,200 ரிங்கிட். வாரத்துக்கு ஐந்து நாள், 40 மணி நேரம். பாலர் பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளை உண்டு. கணவரும் வேலை செய்கிறார், இருவரும் தனித்தனியாக வரிக் கணக்கைச் சமர்ப்பிக்கிறார்கள், பிள்ளைக்கான கழிவை மனைவியே கோருகிறார். அவர் நான்கு நாளுக்கு மாறினால் சம்பளம் 4,160 ரிங்கிட் ஆகும். காகிதத்தில் இழப்பு 1,040 ரிங்கிட்.

இப்போது பிடித்தங்களைப் பார்க்க வேண்டும். ஊழியரின் இபிஎஃப் பங்கு 11 விழுக்காடு. அது 572 ரிங்கிட்டிலிருந்து 458 ரிங்கிட்டாகக் குறைகிறது. சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் வேலைக் காப்புறுதியும் சேர்ந்து ஏறத்தாழ 7 ரிங்கிட் குறைகின்றன.

வருமான வரியில்தான் பலர் எதிர்பாராத மாற்றம் இருக்கிறது. தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் கழிவு 4,000, சொக்சோவுக்கு 350, பிள்ளைக்கு 2,000, பதிவு பெற்ற பராமரிப்பு மையம் அல்லது பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு 3,000 என்று மொத்தம் 18,350 ரிங்கிட்டைக் கழித்தால், முழுநேரச் சம்பளத்தில் அவருடைய வரிக்குரிய வருமானம் 44,050 ரிங்கிட். ஆண்டு வரி 1,143 ரிங்கிட். நான்கு நாள் சம்பளத்தில் வரிக்குரிய வருமானம் ஏறத்தாழ 31,570 ரிங்கிட்டுக்கு இறங்குகிறது. அது 35,000 ரிங்கிட்டுக்கு மேற்படாததால் 400 ரிங்கிட் வரித் தள்ளுபடியும் கிடைக்கிறது. ஆக ஆண்டு வரி 97 ரிங்கிட்டாகச் சுருங்கி, மாதத்துக்கு ஏறத்தாழ 87 ரிங்கிட் மிச்சமாகிறது. உங்கள் வரிக்குரிய வருமானம் 35,000 ரிங்கிட்டுக்குச் சற்று மேலே நிற்குமானால், நேரக் குறைப்பு உங்களுக்குத் தரும் வரிப் பயன் இதுபோலவே விகிதத்துக்கு மீறியதாக இருக்கும். 70,000 ரிங்கிட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கும், அங்கே வரி விகிதம் 19 விழுக்காடு என்பதால், மிச்சம் கணிசமானது. வரியே கட்டாத நிலையில் இருப்பவர்களுக்கு இந்த மிச்சம் முழுவதும் பூஜ்யம் என்பதை மறக்கக் கூடாது. அவர்களுக்கு ஒரு ரிங்கிட் சம்பளம் குறைந்தால் கைப்பணமும் அதே அளவுக்கு நெருக்கமாகக் குறையும்.

எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால், நம் எடுத்துக்காட்டில் கைக்கு வரும் பணம் மாதத்துக்கு 832 ரிங்கிட் குறைகிறது, 1,040 அன்று.

நான்காம் படி: வேலைக்குப் போகாததால் என்ன மிச்சம்?

இந்த இடத்தில்தான் மனிதர்கள் தங்களை ஏமாற்றிக்கொள்கிறார்கள். வேலைக்குப் போவதற்கான செலவில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும் என்று போடும் கணக்கு, மாதக் கட்டணங்களுக்குப் பொருந்தாது. பராமரிப்பு மையம் மாதத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. நான்கு நாள் மட்டும் பிள்ளையை விட்டாலும் பெரும்பாலும் அதே கட்டணம்தான். கோலாலம்பூரில் மை50 அட்டை வைத்திருப்பவர் மாதத்துக்கு 50 ரிங்கிட் கட்டி எல்ஆர்டி, எம்ஆர்டி நகர ரயில்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் போகிறார். அவர் ஒரு நாள் வீட்டில் இருந்தால் பயணச் செலவில் எதுவும் குறையாது. மாத வாடகைக்கு எடுத்த கார் நிறுத்துமிடமும் அப்படியே. ஆகவே நாள் கணக்கில் செலவாவதை மட்டும் எழுதுங்கள்.

நம் எடுத்துக்காட்டில், தீவுக்குள் போகும்போது காருக்குப் பாலத்து டோல் 5 ரிங்கிட் 74 சென். திரும்பி வரும்போது டோல் இல்லை. பெட்ரோலுக்கு 10 ரிங்கிட், வெளியில் சாப்பிடுவதற்கும் வீட்டில் சாப்பிடுவதற்கும் உள்ள வேறுபாடு 6 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளுக்கு 21 ரிங்கிட் 74 சென். விடுப்பு, பொது விடுமுறை போக மாதத்துக்கு நான்கு நாள் என்று கொண்டால் ஏறத்தாழ 87 ரிங்கிட் மிச்சம். மோட்டார் சைக்கிளுக்குப் பாலத்தில் டோல் கிடையாது என்பதால், அதில் போகிறவர்களுக்கு இந்த மிச்சம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இருக்கும்.

களைப்பில் தாப்பாவ், அதாவது பொட்டலமாக வாங்கும் இரவுச் சாப்பாடு குறையும், வீட்டிலேயே சமைப்போம் என்று எல்லோரும் ஒரு தொகையை இங்கே சேர்ப்பார்கள். நான் சேர்க்கமாட்டேன். வீட்டில் இருக்கும் நாளில் பேரங்காடிக்குப் போய் அதைவிட அதிகமாகச் செலவு செய்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன். அந்த மிச்சம் உண்மையாகவே வந்தால் ஏழாம் படியில் வரும் சோதனை மாதங்களில் தெரிந்துவிடும்.

நேரத்தை எந்த வடிவில் குறைக்கிறோம் என்பது இந்தப் படியின் முழு விளைவையும் மாற்றக்கூடியது. வாரத்தில் எட்டு மணி நேரத்தை ஒரு முழு நாளாக எடுத்தால் டோலும் பெட்ரோலும் பயண நேரமும் மிச்சமாகின்றன, பராமரிப்புக் கட்டணம் அப்படியே இருக்கிறது. அதே எட்டு மணி நேரத்தை ஐந்து நாளுக்கும் பிரித்து நாள்தோறும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால், பயணச் செலவு சிறிதும் குறையாது. தாமதமாகப் பிள்ளையை அழைத்துப் போவதற்கான கூடுதல் கட்டணம் மட்டும் ஒழியும். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பிள்ளை மதியம் ஒரு மணி அளவில் பள்ளி விட்டு வந்துவிடும் என்பதால், மாலை நான்கு மணிக்கு வேலை முடிந்தாலும் யாராவது ஒருவர் இடைப்பட்ட நேரத்தில் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். பராமரிப்புக் கட்டணம் முழுவதும் நீங்க வேண்டுமானால் மதியத்தோடு வேலை முடிய வேண்டும். அது பகுதிநேரக் கோட்டுக்குக் கீழே உங்களைக் கொண்டுபோய்விடும். தாத்தா பாட்டி வீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கே வேறு. இரண்டு மூன்று வடிவங்களைத் தனித்தனித் தாளில் எழுதி ஒப்பிடாமல் முதலாளியிடம் போய் நிற்காதீர்கள்.

முழு நாள் விடுப்பு என்ற வடிவத்தில், 832இல் 87 போக, நம் பெண்மணியின் மாத ரொக்க இழப்பு 745 ரிங்கிட்.

ஐந்தாம் படி: சம்பளச் சீட்டில் தெரியாத இழப்பு

பெரும்பாலானவர்கள் 745 என்ற எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அந்த எண் சிறியதாகத் தெரிவதற்கு ஒரு காரணம், இபிஎஃப் பிடித்தம் 114 ரிங்கிட் குறைந்திருப்பது. அது மிச்சம் அன்று. ஓய்வுக்காலத்தில் கிடைக்க வேண்டிய சொந்தப் பணம் இன்று சேராமல் போவது. இதோடு முதலாளியின் பங்கும் குறைகிறது. சம்பளம் 5,000 ரிங்கிட்டுக்கு மேல் இருந்தால் முதலாளி 12 விழுக்காடும், 5,000 வரை 13 விழுக்காடும் செலுத்த வேண்டும் என்பதால், நம் எடுத்துக்காட்டில் சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே வரும்போது இழப்பு ஓரளவு தணிகிறது: 624 ரிங்கிட் 541 ரிங்கிட்டாக, அதாவது 83 ரிங்கிட் மட்டும் குறைகிறது. இரண்டையும் சேர்த்தால் இபிஎஃப் கணக்கில் மாதத்துக்கு 197 ரிங்கிட், ஆண்டுக்கு 2,364 ரிங்கிட் சேராமல் போகிறது.

இபிஎஃப் லாப ஈவு 2023ஆம் ஆண்டு 5.50 விழுக்காடாகவும், 2024ஆம் ஆண்டு 6.30 விழுக்காடாகவும் இருந்தது. கவனமாக இருப்பதற்காக 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டு மட்டும் நேரத்தைக் குறைத்துவிட்டு முழுநேரத்துக்குத் திரும்பும் நாற்பது வயதுக்காரர், அறுபதாவது வயதில் ஏறத்தாழ 27,000 ரிங்கிட் குறைவாக வைத்திருப்பார். இருபது ஆண்டும் நான்கு நாளிலேயே இருந்தால் ஏறத்தாழ 78,000 ரிங்கிட் குறையும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பார்த்தால், எத்தனை மணி நேரம் குறைக்கிறோம் என்ற கேள்வியைவிட எத்தனை ஆண்டுக்குக் குறைக்கிறோம் என்ற கேள்வியே கனமானது என்பது விளங்கும்.

போனஸ் அடுத்தது. அது எத்தனை மாதச் சம்பளம் என்ற கணக்கில் வருவதால் தானாகவே சுருங்கும். ஒரு மாத போனஸ் கிடைக்கும் நிறுவனம் என்றால் ஆண்டுக்கு 1,040 ரிங்கிட், மாதத்துக்கு ஏறத்தாழ 87 ரிங்கிட் இழப்பு. நான் முதன்முதலில் என் வீட்டுக்காக இந்தக் கணக்கைப் போட்டபோது போனஸை அடியோடு மறந்துவிட்டேன். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில்தான் அது நினைவுக்கு வந்தது.

ரிங்கிட்டில் எழுத முடியாத, ஆனால் சரிபார்த்தே ஆக வேண்டிய சில உண்டு. நிறுவனத்தின் மருத்துவ அட்டை நான்கு நாள் ஊழியருக்கும் தொடருமா என்பதை எழுத்தில் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிப் பிரிவுக்கு 1 ரிங்கிட், நிபுணர் பிரிவுக்கு 5 ரிங்கிட் என்ற கட்டணம் நமக்குப் பெரிய துணைதான். இருந்தாலும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்க முடியாத நிலையில் அந்த அட்டையின் அருமை தெரியும், தனியாக வாங்கும் காப்புறுதிக்குச் சந்தா ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும். அட்டை போய்விடும் என்றால், அதற்கு ஈடான தனிநபர் காப்புறுதியின் மாதச் சந்தாவை இழப்பில் கூட்டிவிடுங்கள். பல குடும்பங்களில் இந்த ஒரு செலவே முடிவை மாற்றிவிடும்.

ஆட்குறைப்பு நேரும் வாய்ப்புள்ள தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேற்படாதவர்களுக்கு, ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும், சேவைக்காலத்தைப் பொறுத்து 10 நாள், 15 நாள், ஐந்து ஆண்டுக்கு மேற்பட்டிருந்தால் 20 நாள் சம்பளம் என்ற விகிதத்தில் ஆட்குறைப்பு இழப்பீட்டை 1980ஆம் ஆண்டு விதிமுறைகள் உறுதிசெய்கின்றன. அந்த நாள் சம்பளம் கணக்கிடப்படுவது கடைசி 12 மாதச் சம்பளத்தின் சராசரியை வைத்து. பன்னிரண்டு ஆண்டு முழுநேரம் உழைத்துவிட்டுக் கடைசி ஆண்டு மட்டும் நேரத்தைக் குறைத்தவருக்கு, பன்னிரண்டு ஆண்டுக்கான இழப்பீடும் குறைந்த சம்பளத்திலேயே அளக்கப்படும். ஆர்டர் குறைகிறது, மேலதிகாரிகள் அடிக்கடி கூடிப் பேசுகிறார்கள் என்ற நிலையில் நேரத்தைக் குறைக்க விண்ணப்பிப்பது நல்லதன்று. 98 நாள் மகப்பேறு விடுப்பை எதிர்பார்த்திருப்பவர்களும் முதலில் விடுப்பை எடுத்து, அது முடிந்த பிறகு நேரத்தைக் குறைப்பதே கணக்குக்கு ஏற்றது.

ஆறாம் படி: ஒரு மணி நேரத்தின் விலை

இப்போது எல்லாவற்றையும் கூட்டலாம். ரொக்க இழப்பு 745, இபிஎஃப் 197, போனஸ் 87. மொத்தம் மாதத்துக்கு ஏறத்தாழ 1,029 ரிங்கிட். கிடைக்கும் நேரமோ, வாரத்துக்கு எட்டு மணி என்ற கணக்கில் மாதத்துக்கு ஏறத்தாழ 34 மணியும், நாளுக்கு இரண்டு மணி நேரப் பயணம் நான்கு முறை மிச்சமாவதால் 8 மணியும் சேர்ந்து, 42 மணி நேரம். ஆக இந்தப் பெண்மணி தன் நேரத்தை மணிக்கு 24 ரிங்கிட்டுக்குச் சற்று அதிகமாகக் கொடுத்து வாங்குகிறார். அவருடைய சம்பளத்தை மணிக் கணக்கில் பார்த்தால் 30 ரிங்கிட். ரொக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் மணிக்கு 17 ரிங்கிட் 70 சென் என்று நினைத்து ஏமாந்திருப்பார்.

24 ரிங்கிட் அதிகமா குறைவா என்பதற்குப் பொதுவான விடை கிடையாது. எதற்காக அந்த நேரம் என்பதைப் பொறுத்தது. வீட்டு வேலை குவிந்து கிடக்கிறது என்பதற்காகத்தான் என்றால், அதைவிடக் குறைந்த கூலிக்கு வாரத்தில் சில மணி நேரம் உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ள முடியும். அப்போது சம்பளத்தை விடுவது நட்டம். நோயில் கிடக்கும் தகப்பனாரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போவதற்காக என்றால், கூலிக்கு ஆள் வைத்து ஈடுசெய்ய முடியாத நேரம் அது. அந்த நாளில் வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தோ, பலகாரத்துக்கு ஆர்டர் பிடித்தோ சம்பாதிக்க நினைக்கிறவர்கள், மணிக்கு 24 ரிங்கிட் நிகர வருமானம் வருமா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் அதைத் தொழில் என்று எண்ணாமல் விருப்பம் என்றே எண்ணிச் செய்யலாம். பக்கத் தொழிலை வேலை ஒப்பந்தம் தடுக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு உண்மையான தேர்வு, முழுநேரமா நான்கு நாளா என்பதைவிட, நான்கு நாளா முழு ஓய்வா என்பதாகவே பெரும்பாலும் இருக்கும். குறைந்த சம்பளமானாலும் வருகிறவரை இபிஎஃப் பணத்தை எடுக்காமல் வைத்திருக்கலாம், அது லாப ஈவு ஈட்டிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு நேரக் குறைப்பு பெரும்பாலும் நல்ல பேரம்.

ஏழாம் படி: சம்பளம் குறைவதற்கு முன்பே குறைந்த சம்பளத்தில் வாழ்ந்து பாருங்கள்

தாளில் கட்டுப்படியாவது வீட்டில் கட்டுப்படியாகாமல் போகலாம். ஆகவே நான்கு மாதம், சம்பளம் வந்த அன்றே ரொக்க இழப்புத் தொகையை, நம் எடுத்துக்காட்டில் 745 ரிங்கிட்டை, தொடமுடியாத வேறொரு கணக்குக்கு மாற்றிவிட்டு மீதியில் குடும்பத்தை நடத்துங்கள். மார்ச், ஏப்ரல் போன்ற அமைதியான மாதங்களைத் தேர்ந்தெடுத்தால் சோதனை பொய்யாகிவிடும். அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை செய்து பாருங்கள்: தீபாவளித் துணிமணி, பலகாரம், ஊருக்குப் போகும் செலவு, பிறகு பள்ளித் திறப்புக்கான சீருடை, புத்தகப்பை, பள்ளி வேன் முன்பணம், அதோடு ஒட்டி வரும் தைப்பூசம் என்று நம் குடும்பங்களின் கனமான செலவெல்லாம் அந்த நான்கு மாதத்தில்தான் அடங்கியிருக்கிறது. அந்த நான்கு மாதத்தில் ஒருமுறைகூட அந்தக் கணக்கிலிருந்து எடுக்காமல் இருந்தால் நீங்கள் தயார். எடுத்திருந்தால், எவ்வளவு எடுத்தீர்களோ அதுவே உங்கள் கணக்கில் விடுபட்ட செலவு. சோதனை முடியும்போது அங்கே ஏறத்தாழ 3,000 ரிங்கிட் சேர்ந்திருப்பதும் ஒரு நன்மை.

வீட்டுக் கடன் உள்ளவர்கள் இந்தச் சோதனையில் தவணையையும் சற்று உயர்த்தி வைத்துப் பார்க்க வேண்டும். மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கொள்கை வட்டி விகிதம் 2022ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி ஓராண்டுக்குள் 1.75 விழுக்காட்டிலிருந்து 3.00 விழுக்காட்டுக்கு ஏறியது. 2025 ஜூலையில் 2.75 விழுக்காட்டுக்கு இறங்கியது. மாறும் வட்டியில் கடன் வாங்கியவர்களின் தவணை அதற்கேற்ப நகரும். புதிய கடன் வாங்கவோ பழைய கடனை மாற்றி எழுதவோ எண்ணமிருந்தால், குறைந்த சம்பளத்தில் தவணை கட்ட முடியுமா என்று முதலில் பார்த்துவிட்டு, அந்த வேலையையும் இதையும் ஒன்றாகவே திட்டமிடுங்கள்.

கணவனும் மனைவியும் ஒரே தொழிற்சாலையில், அல்லது ஒரே துறையில் வேலை செய்தால், கையிருப்பு கூடுதலாக இருக்க வேண்டும். ஒருவர் நேரத்தைக் குறைத்துக்கொண்ட பிறகு, மற்றவருடைய சம்பளமே வீட்டின் தூண். அந்தத் தூணும் அதே மண்ணில் நிற்கிறது என்றால் ஆறு மாதச் செலவுக்குக் குறையாமல் பணம் இருப்பது அவசியம்.

எட்டாம் படி: எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்

2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, வேலை நேரம், வேலை நாள், வேலை இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணத்தையும் சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் முதலாளிக்கு இல்லை என்பதால், விண்ணப்பம் உங்கள் களைப்பைப் பற்றிப் பேசாமல் வேலையைப் பற்றிப் பேச வேண்டும்.

எந்த வேலைகள் உங்களிடமிருந்து விலகும், அவற்றை யார் செய்வார்கள், நீங்கள் இல்லாத நாளில் அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள். இதைச் செய்யாதவர்களுக்கு நேர்வது ஒன்றே ஒன்று: சம்பளம் நான்கு நாளுக்கு, வேலை ஐந்து நாளுக்கு. ஒப்புதல் கடிதத்தில் புதிய சம்பளம், எந்த நாள் விடுமுறை, ஆண்டு விடுப்பும் மருத்துவ அட்டையும் தொடருமா, போனஸ் எந்தச் சம்பளத்தில் கணக்கிடப்படும் என்பவை இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஏற்பாடு எத்தனை மாதத்துக்கு, அது முடிந்ததும் பழைய பதவிக்கும் முழுநேரச் சம்பளத்துக்கும் திரும்ப முடியுமா என்பதை எழுதி வாங்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கும் இருபது ஆண்டுக்கும் இடையிலுள்ள 51,000 ரிங்கிட் இந்த ஒரு வரியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. வாய்மொழியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் மேலாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் அடுத்த ஆண்டு வேறு இடத்துக்குப் போய்விடுவார்.

மாறிய பிறகு

முதல் சம்பளச் சீட்டு வந்தவுடன் இபிஎஃப் பங்கைச் சரிபாருங்கள். சம்பளம் 5,000 ரிங்கிட்டுக்கு மேலிருந்து கீழே வந்தவர்களுக்கு முதலாளியின் விகிதம் 13 விழுக்காடாக மாறியிருக்க வேண்டும்; பழைய 12 விழுக்காட்டிலேயே கணினி ஓடிக்கொண்டிருந்தால் சம்பளப் பிரிவுக்கு உடனே எழுதுங்கள். முடிந்தவர்கள் சுயவிருப்பச் சந்தாவாக மாதத்துக்கு 50 ரிங்கிட்டாவது இபிஎஃப் கணக்கில் போட்டுவரலாம்.

பிறகு மூன்று மாதம், உண்மையில் வேலை செய்த நேரத்தை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். விடுமுறை நாளில் பதில் சொன்ன வாட்ஸ்அப் செய்திகளுக்கு ஆன நேரமும் அதில் அடங்கும். வாரத்துக்கு 32 மணி நேரச் சம்பளத்துக்கு 36 மணி நேரம் உழைத்திருந்தால், உங்கள் மணிக் கூலி 30 ரிங்கிட்டிலிருந்து 26 ரிங்கிட் 70 சென்னுக்கு இறங்கிவிட்டது. அந்தக் குறிப்பேட்டோடு மேலாளரைப் பார்த்து, வேலையைக் குறைக்கவோ சம்பளத்தை 36 மணி நேரத்துக்கு உயர்த்தவோ கேளுங்கள்.